பன்னிரண்டாவது உதாரணம்

ஏப்ரல் 9, புதன்

மெய்யழகன் அனுப்பிய கூரியர் வந்தது. சென்னையில் பள்ளிப் பிள்ளைகளுக்காகச் சிறுநூல்கள் போடுகிறவர். ‘அன்றாடப் பேச்சில் தர்க்கப் பிழைகள்’ என்று நாற்பத்தெட்டுப் பக்கத்தில் ஒரு புத்தகம் நான் எழுதித் தர வேண்டும். மொத்தம் பன்னிரண்டு பிழைகள். ஒவ்வொன்றுக்கும் எளிய விளக்கம், ஓர் உதாரணம், அதன் அடியில் ‘இங்கே பிழை எங்கே?’ என்று ஒரு கேள்வி. கடைசிப் பக்கத்தில் விடைகள். மே 10 கெடு.

“உதாரணமெல்லாம் உங்க தெருவுல இருந்து வரணும் டீச்சர். படிக்கிற பிள்ளை, அட இது நம்ம வீட்டுல நடக்குதேன்னு சொல்லணும்” என்றார் போனில்.

தெருவரைக்கும் எதற்குப் போக வேண்டும், வீட்டிலேயே கிடைக்கும் என்றேன். சிரித்தார். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

இருபத்தாறு வருடம் கணக்கு சொல்லிக் கொடுத்தேன். அம்மா போன பிறகு வேலையை விட்டுவிட்டு அப்பாவோடு இருக்கிறேன். இரண்டு வருடமாகிறது. ஆறு மணிக்கு மோட்டார், ஏழு மணிக்கு அவருக்கு வெந்தயத் தண்ணீர், எட்டு மணிக்குச் சர்க்கரை மாத்திரை, ஒன்பது மணிக்குள் இட்லி. பிறகு பகல் முழுவதும் அவர் கூப்பிடுவதும் நான் எழுந்து போவதும். மூளை துருப்பிடித்துக் கிடந்தது. பன்னிரண்டு தலைப்புகளையும் ஓர் அட்டையில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். அப்பா பார்த்துவிட்டு, “இது இன்னாம்மா, பலசரக்கு லிஸ்டா?” என்றார்.

ஏப்ரல் 12, சனி

பௌர்ணமி. அப்பா கிரிவலம் போனார். பத்தொன்பது வருடமாக ஒரு பௌர்ணமி விட்டதில்லை. மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர், வெறுங்காலில். எழுபத்தெட்டு வயது. நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்து நடந்த கால், சொன்னால் கேட்காது. எல்லோரும் வெயில் தாழப் போவார்கள். இவர் கூட்டம் ஆகாது என்று காலை பத்து மணிக்குக் கிளம்பிவிடுவார்.

மூன்றரைக்குத் திரும்பி வந்தார். எனக்கு வாசலில் கோலம் போட்ட இடத்தில் கால் வைக்க முடியவில்லை, சுட்டது. அவர் நிதானமாக வருகிறார். எதிர்வீட்டு மளிகைக்கடைக்காரர் தணிகாசலம் முன்பே வந்து தெருவில் காத்திருந்தார். அவருக்குப் பாதம் இரண்டும் கொப்பளித்து, பாதி வழியில், வருண லிங்கத்திலேயே நடையை விட்டுவிட்டு ஆட்டோவில் வந்திருக்கிறார்.

“எம்மா, தார் ரோடு கொதிக்குது. ஆளாளுக்குக் குதிக்கிறாங்க. ஐயா பூமேல நடக்கிற மாதிரி நடக்கிறாரு. இது மனுசக் காலே இல்லம்மா” என்று சொல்லி நடுத்தெருவில் அப்பா காலில் விழுந்தார். பின்னாலேயே அவர் மனைவியும் விழுந்தாள்.

அப்பா என்னைப் பார்த்து, “சுடவே இல்ல திலகா. மூணு வருசமாவே அப்படித்தான். அவன் கொடுத்தது” என்றார். பெருமை தாங்கவில்லை.

உள்ளே வந்ததும் எழுதிவிட்டேன். மூன்றாம் பிழை: பொய்க் காரணம். ‘ஒருவர் பத்தொன்பது ஆண்டுகள் மலையைச் சுற்றினார். அவர் கால் சுடுவதில்லை. ஆகவே மலையைச் சுற்றியதால்தான் கால் சுடுவதில்லை.’ இங்கே பிழை எங்கே? ஒன்றையடுத்து இன்னொன்று நடந்ததால் முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது. அருமையான உதாரணம். பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

பாதத்தில் தார் ஒட்டியிருந்தது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தேன். சுண்டுவிரலுக்கு அடியில் ஒரு ஜல்லித் துணுக்கு உள்ளே போயிருந்தது. ஊக்கால் நெம்பி எடுக்க வேண்டியிருந்தது. அவர் பாட்டுக்குப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. ஆரணியிலிருந்து அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். அண்ணன் கருணாகரன் சாப்பிட்டதும் படுத்துவிட்டார். வருடத்தில் ஆறு நாள் வருகிறவர், ஆறு நாளும் தூங்குவார்.

அண்ணி புஷ்பவல்லி பற்றி நான் நிறைய எழுதியிருக்கிறேன், பழைய நோட்டுகளில். படிப்பு எட்டாம் வகுப்பு. பல்லி விழுந்தால் பஞ்சாங்கம், கண் துடித்தால் பஞ்சாங்கம். பால் பொங்கி வழிந்தால் அன்றைக்கு என்ன கிழமை என்று பார்ப்பாள். கெட்டவள் இல்லை. அவளோடு பேசினால் எனக்குச் சீக்கிரம் களைத்துவிடுகிறது.

வந்ததும் வழக்கம்போல் அப்பா காலில் விழுந்தாள். வழக்கமாக விழுந்தவுடன் எழுந்துவிடுவாள். இன்று எழவில்லை. குனிந்தபடியே அவர் வலது பாதத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

“மாமா, இது இன்னா புண்ணு?”

“புண்ணா? எங்க?”

ஜல்லி எடுத்த இடம்தான். ஓரம் வெளுத்து லேசாக நீர் கோத்திருந்தது. அண்ணி சமையலறைக்கு வந்தாள். “திலகா, மாமாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடு. இன்னிக்கே. எங்கப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது.”

நான் சுவரிலிருந்த அட்டையைக் காட்டினேன். இரண்டாம் பிழை: அவசர முடிவு. “ஒருத்தருக்கு ஆச்சுங்கிறதை வச்சு எல்லாருக்கும் ஆகும்னு சொல்லக்கூடாது அண்ணி. உங்கப்பா வேற, எங்கப்பா வேற” என்றேன். பொறுமையாகத்தான் சொன்னேன்.

அவள் அட்டையைப் படித்துப் பார்த்தாள். பிறகு கூடத்துக்குப் போய் அப்பா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். “மாமா, எனக்கு ஒரு கனவு வந்துச்சு. இந்த வாசல்ல ஒத்தச் செருப்பு கெடக்குது. வலது கால் செருப்பைக் காணோம். மூணு நாளா அதே கனவு. எனக்கு மனசே சரியில்ல. ஒரு நடை ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடுங்க மாமா.”

அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. “போயிட்டு வந்துடலாமா திலகா?” என்று என்னைப் பார்த்தார். எழுந்து சட்டைக்குக்கூடக் கை நீட்டினார்.

எனக்குக் கோபம் வந்தது. பண்டிகை நாள், ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் யாரும் இருக்க மாட்டார்கள், மூன்று மணிநேரம் பெஞ்சில் உட்கார வைப்பார்கள். அதுவும் ஒரு கனவுக்காக. கனவு எப்படி ஆதாரமாகும், நூறு கனவில் தொண்ணூற்றொன்பது பலிக்காமல் போவதை யார் கணக்கில் வைக்கிறார்கள் என்று வரிசையாகக் கேட்டேன். அண்ணி, “எனக்கு அதெல்லாம் தெரியாது திலகா. கூட்டிட்டுப் போ” என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் அப்பாவே, “திலகா சொல்றதும் சரிதான். சின்னக் கீறல்” என்று சட்டையைக் கொடியில் மாட்டினார்.

நாலு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

வென்றேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வந்தது. ஐந்தாம் பிழை முடிந்தது: ஊரே செய்வதால் சரி. தணிகாசலம் உபயம். “ஊரே இந்த எண்ணெய்தாம்மா வாங்குது.”

ஏப்ரல் 19, சனி

இன்று ஒரு வேடிக்கை. அப்பா டீக்கடைக்குப் போனவர் ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்தார். வலது கால் செருப்பு வழியில் எங்கேயோ கழன்றிருக்கிறது, தெரியவே இல்லை. தேடிப் போனேன். முனிசிபல் குழாய் பக்கம் கிடந்தது.

அண்ணிக்குத் தெரிந்தால் கனவு பலித்தது என்பாள். இதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். பலித்த ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வது, பலிக்காத ஆயிரத்தை மறந்துவிடுவது. ஏழாம் பிழைக்கு இதையே எழுதினேன். பெயர் மட்டும் மாற்றினேன்.

அப்பாவுக்கு மறதி அதிகமாகிறது. வயது.

ஏப்ரல் 25, வெள்ளி

புண் ஆறவில்லை. மருந்துக்கடையில் ஒரு களிம்பு வாங்கி வந்து போட்டுத் துணி சுற்றினேன். வலிக்கிறதா என்று கேட்டேன். “ஒண்ணுமே தெரியல. வலிச்சா சொல்ல மாட்டனா?” என்றார். வலியில்லை என்றால் பெரிதாக ஒன்றும் இருக்காது.

ஒன்பதாம் பிழை: தெரியாததையே ஆதாரமாக்குவது. ‘பேய் இல்லையென்று யாரும் நிரூபிக்கவில்லை, ஆகவே பேய் உண்டு.’ உதாரணம் பழசாக இருக்கிறது. வேறு ஏதாவது கிடைக்குமா என்று பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 30, புதன்

மோட்டார் ரிப்பேர். நாள் முழுக்கக் குடம் தூக்கினேன். எழுதவில்லை.

மே 3, சனி

அண்ணி போன் செய்தாள். “காட்டினியா?” என்றாள். களிம்பு போடுகிறேன் என்றேன். பிறகு, “நான் வந்து கூட்டிட்டுப் போவட்டா?” என்றாள். இவ்வளவு தூரம் எதற்கு வர வேண்டும், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டேன். அப்பாவைப் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியாதா? இரண்டு வருடமாக யார் பார்த்தார்கள்?

இதுவும் ஒரு பிழைதான். வாதத்தை விட்டுவிட்டு ஆளைப் பார்ப்பது, அட்டையில் முதலாவதாகவே இருக்கிறது. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

மே 6, செவ்வாய்

அறையில் ஒரு வாடை. எலி செத்திருக்குமோ என்று பரண் முழுக்கத் தேடினேன். இல்லை.

சாயங்காலம் துணியை மாற்றும்போது தெரிந்தது. சுண்டுவிரல் கறுத்திருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். இப்போது அவர் மறுத்தார். “போனா விரலை எடுப்பான். அப்புறம் பாதம்பான். அப்புறம் முட்டிம்பான். திங்கக்கிழமை சித்ரா பௌர்ணமி. சுத்திட்டு வந்துடறேன், செவ்வாய்க்கிழமை நீ எங்க கூப்பிட்டாலும் வரேன்.”

எட்டாம் பிழை, சறுக்குப் பாதை: ஓரடி வைத்தால் அடிவரை சறுக்கியே தீரும் என்பது. தேடியே போகாமல் உதாரணம் வாய்க்கிறது என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதை எழுதாமல் விட்டிருக்கலாம்.

நான் இன்னும் வற்புறுத்தியிருப்பேன். பத்தாம் தேதி கெடு. மூன்று பிழைகள் பாக்கி. ஆறு நாளில் என்ன ஆகிவிடும்.

மே 10, சனி

பதினொன்று அனுப்பிவிட்டேன். பன்னிரண்டாவதற்கு உதாரணம் கிடைக்கவில்லை. விளக்கம் மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்: ‘ஒருவர் சொன்ன காரணம் தவறு என்பதாலேயே அவர் சொன்ன முடிவும் தவறு என்று தீர்ப்பது.’ மாணவர்களுக்குப் புரியவைக்கக் கஷ்டமான பிழை. இதை யாரும் வீட்டில் செய்வதாகத் தெரியவில்லை. மெய்யழகன் இன்னும் பத்து நாள் கொடுத்தார்.

மே 12, திங்கள்

காலை ஒன்பதரைக்குக் கிளம்பினார். காலில் துணிக்கட்டு. செருப்பு போடச் சொன்னேன், கும்பிட்டார், போய்விட்டார். நான் கையைப் பிடித்து நிறுத்தவில்லை.

ஒன்றரை மணிக்குப் போன் வந்தது. குபேர லிங்கத்துக்குப் பக்கத்தில் மோர் விற்கிற ஓர் அம்மாள், அப்பா போனிலிருந்து பேசினாள். “பெரியவரு உங்க ஆளாம்மா? இங்க உக்காந்துகினு கீறாரு. எழுந்திருக்க முடியல. நடுங்குது. சீக்கிரம் வா.”

ஆட்டோவில் போனேன். சித்ரா பௌர்ணமிக் கூட்டம். பாதி வழியில் இறங்கி ஓடினேன். அப்பா அந்த அம்மாளின் குடைக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். துணிக்கட்டு எங்கேயோ அவிழ்ந்து விழுந்திருக்கிறது. உடம்பு கொதித்தது. சிரித்தார்.

ரோட்டில், அவர் வந்த வழியில், சிவப்பாகச் சின்னச் சின்னத் திட்டு. அடிக்கு ஒன்று. “நாங்க யாரோ குங்குமம் கொட்டிகினு போறாங்கன்னு நெனச்சோம்மா. மிதிக்காம ஒதுங்கி ஒதுங்கித்தான் எல்லாரும் போனாங்க. அப்புறமா பார்த்தா இவுரு காலு” என்றாள் அந்த அம்மாள்.

எவ்வளவு தூரத்துக்கு அப்படி இருந்தது என்று நான் திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை.

மே 13, செவ்வாய்

ஆஸ்பத்திரி. இளம் பெண் டாக்டர். கண்ணை மூடச் சொல்லி, நைலான் நரம்பு போல ஒன்றை எடுத்து, “நான் தொடறப்போ சொல்லுங்க ஐயா” என்றார். வலது பாதத்தில் பத்து இடம் தொட்டார். இடது பாதத்தில் பத்து இடம். அழுத்தித்தான் தொட்டார், நரம்பு வளைவதைப் பார்த்தேன்.

எல்லாம் முடிந்து கொஞ்ச நேரம் கழித்து அப்பா கண்ணை மூடியபடியே கேட்டார்: “இன்னும் ஆரம்பிக்கலையாம்மா?”

டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டார். சர்க்கரை நோயில் நரம்பு செத்துப்போய்ப் பாதம் மரத்துவிடும். இவருக்கு இரண்டு மூன்று வருடமாகவே இருந்திருக்கும். “சூடு தெரியாது. கல்லு குத்தினா தெரியாது. செருப்பு கழண்டா தெரியாது. வீட்டுல யாருமே கவனிக்கலையா?”

டாக்டர் பேனாவைத் திறந்தார்.

“புண்ணு எப்போலேருந்து இருக்கு?”

“நாலஞ்சு நாளா” என்றேன். டாக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. தெரியும். இந்த நோட்டில் தேதி போட்டு எழுதியிருக்கிறேன்.

மே 14, புதன்

விஷம் எலும்புக்கு ஏறிவிட்டது. முட்டிக்குக் கீழே எடுக்க வேண்டும் என்கிறார்கள். எடுக்காவிட்டால் ஆள் மிஞ்ச மாட்டார். அண்ணன் கையெழுத்துப் போட்டார். நேற்று ராத்திரி முழுக்க வார்டு வாசலில் கண் மூடாமல் உட்கார்ந்திருந்தார். நான் அவரைத் தூங்குமூஞ்சி என்றே நினைத்து வந்திருக்கிறேன்.

மே 15, வியாழன்

எடுத்தாயிற்று.

மே 17, சனி

அண்ணி ஐந்து நாளாக இங்கேதான் இருக்கிறாள். வார்டில் அவளுக்குத் தெரியாத ஆள் இல்லை. பக்கத்துக் கட்டிலுக்கும் கஞ்சி காய்ச்சிக் கொண்டு வருகிறாள். என்னிடம் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. பேசினால் தேவலை என்று இருந்தது.

மத்தியானம் அப்பா தூங்கினார். இருவரும் வராந்தாவில் உட்கார்ந்தோம். பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றினாள். நான்தான் ஆரம்பித்தேன்.

“அந்தக் கனவு வந்துச்சே அண்ணி, ஒத்தச் செருப்பு…”

“கனவெல்லாம் ஒண்ணும் வரல திலகா.”

காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னாள். “பொங்கலுக்கு வந்தப்போ மாமா பால் வாங்கிட்டு ஒத்தச் செருப்போட வந்தாரு. நீ உள்ள இருந்த. நான்தான் போயி இன்னொண்ண எடுத்தாந்தேன். எங்கப்பாவும் அப்படித்தான் வருவாரு, செருப்பு போனதுகூடத் தெரியாம. அப்புறம் ஒரு வருசத்துல அவருக்குக் கால் போச்சு. அதனால இங்க வரப்பல்லாம் விழுந்து கும்பிடற சாக்குல மாமா காலப் பாத்துக்குவேன்.”

“இதை அப்படியே சொல்லியிருக்கலாமே?”

“சொன்னனே. எங்கப்பா பேச்சை எடுத்தேன். நீ அந்த அட்டையக் காட்டின.” காப்பியை இன்னொரு ஆற்று ஆற்றினாள். “நான் பாத்தேன், எனக்குத் தெரியும்னு சொன்னா உங்க வீட்டுல எப்பவும் எடுபடாது. முப்பது வருசமா பாக்கறேன். கனவுன்னு சொன்னா மாமா பயந்துக்குவாரு. கிளம்பிடுவாருன்னு நெனச்சேன். கிளம்பத்தான் கிளம்பினாரு.”

காப்பியை என் கையில் கொடுத்தாள். சர்க்கரை போதுமா என்று கேட்டாள். போதும் என்றேன். எனக்கு அழுகை வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அவள் என் முதுகில் கை வைத்தாள், வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு.

அவள் சொன்னதில் பிழையே இல்லை. சரியான காரணத்தைத்தான் முதலில் சொன்னாள். நான் அதைத் தட்டிவிட்டேன். பிறகு தப்பான காரணத்தைச் சொன்னாள், அதையும் தட்டிவிட்டேன். இரண்டு முறையும் என்ன சொல்கிறாள் என்று அப்பா காலை நான் போய்ப் பார்க்கவில்லை.

மே 18, ஞாயிறு

ரவுண்டுக்கு வந்த டாக்டரிடம் போய், “புண்ணு ஏப்ரல் பன்னெண்டாம் தேதிலேருந்து இருந்துச்சு. நான்தான் தப்பாச் சொன்னேன்” என்றேன். தலையசைத்தார். “சரிம்மா. இன்னொரு கால் இருக்கு. அதைத் தினமும் பாருங்க” என்றார்.

மே 26, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டோம். வாசலில் அப்பாவின் செருப்பு இரண்டும் இருந்தன. வலது கால் செருப்பை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அண்ணி வாங்கி எங்கேயோ வைத்தாள்.

தணிகாசலம் பார்க்க வந்தார். “அவ்வளவு அருள் இருந்த காலாச்சேம்மா” என்றார். அவருக்கும் சர்க்கரை. காலை நீட்டுங்கள் என்று சொல்லி, ஒரு துடைப்பக் குச்சியால் அவர் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். கூச்சத்தில் துள்ளினார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

மே 29, வியாழன்

மெய்யழகன் அழைத்தார். புத்தகம் அச்சுக்கு நிற்கிறது, பன்னிரண்டாவது மட்டும் பாக்கி. அட்டையைச் சுவரிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எழுதினேன். அரை மணிகூட ஆகவில்லை.

‘ஒரு வீட்டில் பெரியவர் ஒருவருக்குக் காலில் புண். அவருடைய மருமகள், எனக்குக் கெட்ட கனவு வந்தது, இவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள் என்றாள். படித்த மகள், கனவு ஆதாரமாகாது என்றாள். ஆகவே மருத்துவமனைக்குப் போக வேண்டியதில்லை என்றும் முடிவு செய்தாள். இங்கே பிழை எங்கே?’

கடைசிப் பக்கத்துக்கான விடை: ‘கனவு ஆதாரமாகாது என்பது சரி. ஆனால் மகள் அங்கேயே நின்றுவிட்டாள். குனிந்து புண்ணைப் பார்க்கவில்லை.’

மூன்றாம் பிழையையும் திருத்தினேன். அருள் காரணமில்லை என்று எழுதிவிட்டு, பின் எதுதான் காரணம் என்று கேட்காமல் அதில் முடித்திருந்தேன். ‘கால் சுடாமல் போனால் உடனே சர்க்கரைக்குச் சோதிக்க வேண்டும்’ என்று ஒரு வரி சேர்த்தேன்.

மெய்யழகன் படித்துவிட்டு, “நல்லா இருக்கு டீச்சர். ஆனா பிள்ளைங்களுக்கு இது கொஞ்சம் கனமா இருக்குமோ? வேற ஒண்ணு, சிரிக்கிற மாதிரி…” என்றார்.

“இதுவே இருக்கட்டும் சார்” என்றேன்.

அண்ணியிடம் வாசித்துக் காட்டினேன். அரிந்துகொண்டிருந்த அவரைக்காயை நிறுத்தவில்லை. “மருமகள்னே போட்டுக்கோ, பேரு வேணாம்” என்றாள். பிறகு, “அந்தப் பொண்ணு படிச்சவள்னு எதுக்குப் போட்ட? அது பாவம், அவளும் பயந்துதான் இருந்திருப்பா” என்றாள்.

ஜூன் 3, செவ்வாய்

அண்ணி ஊருக்குப் போனாள். காலை மோட்டார், வெந்தயத் தண்ணீர், மாத்திரை. எட்டரைக்கு அப்பாவின் இடது பாதம்: விரல் இடுக்கு, குதிகால், அடி. பார்த்ததைத் தேதி போட்டு எழுதுகிறேன். சுவரில் இப்போது அந்த அட்டை இல்லை, இந்தத் தாள்தான்.

ஜூன் 11, புதன்

பௌர்ணமி. காலையிலிருந்தே தெருவில் கிரிவலக் கூட்டம். அப்பா கட்டிலை ஜன்னல் பக்கம் போடச் சொன்னார். மலையின் ஓர் ஓரம் அங்கிருந்து தெரியும். பத்து மணிக்குக் கும்பிட்டார்.

பதினொன்றரைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தேன். கூப்பிட்டார். குரல் வேறு மாதிரி இருந்தது, கையைத் துடைக்காமலே ஓடினேன்.

“கால் சுடுது திலகா.”

“இடது காலாப்பா?”

“இல்லம்மா. வலது.” நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. போர்வைக்குக் கீழே அவருடைய வலது பக்கம் முட்டியோடு முடிந்து, அதற்கப்புறம் விரிப்புதான் இருந்தது. “தார் ரோட்டுல நிக்கிற மாதிரி இருக்கு. தாங்க முடியல.”

வெட்டி எடுத்த காலில் வலி தெரியும், சிலருக்கு அப்படி வரும் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். போன் செய்தேன். மாத்திரையைச் சொன்னார், கொடுத்தேன். வேலை செய்ய அரை மணியாகும்.

இல்லாத கால் எப்படிச் சுடும் என்று நான் கேட்கவில்லை. அவரும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், சட்டைக்குக் கை நீட்டிய அன்றைக்குப் பார்த்ததுபோல. துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து கொண்டு வந்தேன். கால் இருந்திருந்தால் பாதம் எங்கே வருமோ அந்த இடத்தில், விரிப்பின் மேல் போட்டேன்.

“எந்த இடத்துலப்பா?” என்று கேட்டேன்.

“சுண்டுவிரல் பக்கம்” என்றார்.

துண்டைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்தினேன்.